கிரவுண்ட் சோர்ஸ் ஹீட் பம்ப்: தோட்டத்தை அளக்கிறதுக்கு முன்னாடி பாய்லரை 50-ல வச்சுப் பாருங்க

வணக்கம். இங்கிலாந்துல சொந்த வீட்டுல இருக்கிறவங்களுக்கான வீடியோ இது. "பின்னாடி பெரிய தோட்டம் இருக்கு, கிரவுண்ட் சோர்ஸ் ஹீட் பம்ப் போட்டுடலாமா?"ன்னுதான் நிறைய பேர் கேக்குறாங்க. மண்ணுக்கடியில குழாய் பதிச்சு, அங்க இருக்கிற சூட்டைக் கரண்ட்டால இழுத்து வீட்டுக்குக் குடுக்கிற மெஷின் அது. தோட்டம் அப்புறம். ரேடியேட்டர்ல 45, 50 டிகிரி தண்ணி ஓடினா உங்க வீடு கதகதப்பா நிக்குமா? அதைத்தான் முதல்ல பாக்கணும்.

ஏன்னா, கேஸ் பாய்லர் 70 டிகிரியில தண்ணி அனுப்பும். ஹீட் பம்பை அந்தச் சூட்டுக்கு ஓட்டினா கரண்ட்டைக் குடிச்சுடும். 50 டிகிரி தண்ணி ஓடும்போது அதே ரேடியேட்டர், பெட்டியில போட்டிருக்கிற வாட்ஸ்ல பாதியைக்கூடக் குடுக்காது.

இதைச் செலவே இல்லாம சோதிக்கலாம். இந்தக் காம்பி பாய்லரைப் பாருங்க, அதாவது டாங்க் இல்லாம வெந்நீரை அப்பப்ப சுட வச்சுக் குடுக்கிற பாய்லர். இதுல ரெண்டு குமிழ் இருக்கு. குழாய் படம் போட்டது வெந்நீருக்கு, ரேடியேட்டர் படம் போட்டது ஹீட்டிங்குக்கு. ரெண்டாவதை மட்டும் 50-க்கு இறக்குங்க. வெளியில 0 டிகிரிக்குப் பக்கமா இருக்கிற நாளாப் பாருங்க. காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம்னு ஓட்டாதீங்க, நாள் முழுக்க ஓடட்டும். ஒவ்வொரு ரூம்லயும் தெர்மாமீட்டர் வச்சு, 20 டிகிரி வருதான்னு எழுதி வைங்க. எந்த ரூம் ஏறலையோ அங்க சிங்கிள் பேனல் ரேடியேட்டரை எடுத்துட்டு டபுள் பேனல் போட்டா பல சமயம் சரியாயிடும். எல்லா ரூமும் 16, 17-லயே நின்னா, முதல் செலவு மாடிக் கூரைக்கும் சுவருக்கும் இன்சுலேஷன். ஒரு முக்கியமான எச்சரிக்கை: வெந்நீர் டாங்க் வச்ச வீட்டுல இப்படி இறக்கி விட்டுடாதீங்க. டாங்க் தண்ணி 60 டிகிரிக்கு ஏறலைன்னா லெஜியோனெல்லா கிருமி வளரும்.

இப்ப மண்ணுக்கு வருவோம். ரொம்பக் குளிரான நாள்ல உங்க வீடு 8 கிலோவாட் சூட்டை இழக்குதுன்னு வைங்க. பம்ப் ஒரு யூனிட் கரண்ட்டுக்கு 4 யூனிட் சூடு குடுத்தா 2 கிலோவாட் கரண்ட், மிச்சம் 6 கிலோவாட் மண்ணுல இருந்து வரணும். செங்குத்தா போர் (ஆழ்துளை) போட்டா ஒரு மீட்டருக்கு 40, 50 வாட்னு கணக்கு வச்சுக்கலாம். அப்படின்னா 120-ல இருந்து 150 மீட்டர் ஆழம். குழி வெட்டிப் படுக்கையாக் குழாய் பதிச்சா ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 25 வாட், ஆக 240 சதுர மீட்டர். ஈரக் களிமண்ணுக்கு இது சரி. காஞ்ச மணலா இருந்தா ரெண்டு மடங்குகூட ஆகலாம். டிரில்லிங் வண்டி பின்பக்கம் போக வழி இருக்கான்னும் பாருங்க. ஒட்டி ஒட்டி வரிசையா இருக்கிற டெரஸ் வீடுகள்ல ஆசை பெரும்பாலும் இங்கயே முடிஞ்சிடும்.

காசை மிச்சம் பிடிக்க லூப்பை, அதாவது மண்ணுக்குள்ள பதிக்கிற குழாயை, குட்டையாப் போடுறதுதான் நான் ரொம்பப் பயப்படுற தப்பு. முதல் வருஷம் ஒண்ணும் தெரியாது. எடுத்த சூடு கோடையில முழுசாத் திரும்பலைன்னா மண்ணு வருஷா வருஷம் குளிர்ந்துக்கிட்டே போகும். லூப்ல இருந்து வர்ற திரவம் 0-க்குக் கீழ இறங்கும், கரண்ட் பில் ஏறும். பம்பை மாத்தினாலும் இது தீராது, மறுபடி தோண்டணும். நல்லாப் பதிச்ச லூப் 50 வருஷத்துக்கு மேல உழைக்கும், அதனால கஞ்சம் பிடிக்கிற இடம் இது இல்ல.

வீட்டுக்குள்ள 200, 250 லிட்டர் வெந்நீர் சிலிண்டருக்கு இடம் வேணும். காம்பி வச்சிருக்கிறவங்க இதை மறந்துடுறாங்க. பம்ப் இழுக்கிற கரண்ட்டைத் தாங்கணும், அதனால மெயின் ஃபியூஸ் 60 ஆம்பியரா, 100-ஆன்னு இப்பவே பாருங்க. பழைய வீடுகள்ல பக்கத்து வீட்டோட ஒரே கேபிள்ல லைன் வந்தா, அதைப் பிரிக்க மாசக்கணக்குல ஆகலாம்.

காசு விஷயம். இங்க ஒரு யூனிட் கரண்ட், ஒரு யூனிட் கேஸை விட சுமார் 4 மடங்கு விலை. பாய்லர் 90 சதவீதம் திறமையா எரிஞ்சா, ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்ட்டுக்குக் குடுக்கிற சூடு வருஷ சராசரியா 3.6 யூனிட்டைத் தாண்டினாத்தான் பில் குறையும். நல்ல கிரவுண்ட் சோர்ஸ் 4-ஐத் தொடும். ஆனா வெளிக்காத்துல இருந்து சூடு எடுக்கிற ஏர் சோர்ஸ் ஹீட் பம்போட பாத்தா போடுற செலவு ரெண்டு மடங்கு, சில சமயம் அதுக்கும் மேல. பாய்லர் அப்கிரேட் ஸ்கீம்ங்கிற அரசாங்க மானியத்துல 2023 அக்டோபர்ல இருந்து ரெண்டுக்குமே 7,500 பவுண்டுதான், அதனால அந்த வித்தியாசம் முழுக்க உங்க கையில இருந்து போகும். சின்ன வீட்டுக்கு ஏர் சோர்ஸே போதும்னுதான் நான் சொல்லுவேன். சூட்டுத் தேவை அதிகமா இருக்கிற பெரிய வீடு, தரைக்கடியில ஹீட்டிங், வெளியில ஃபேன் சத்தமே ஆகாத இடம், இங்கல்லாம் கிரவுண்ட் சோர்ஸ் பொருந்தும்.

கோட்டேஷன் வந்தா ரூம் ரூமாப் போட்ட ஹீட் லாஸ் (வீடு இழக்கிற சூடு) கணக்கு, டிசைன் ஃப்ளோ டெம்பரேச்சர் (ரொம்பக் குளிரான நாள்ல ரேடியேட்டருக்குப் போற தண்ணியோட சூடு), லூப் மீட்டருக்கு எத்தனை வாட்னு எடுத்தாங்க, இந்த மூணும் எழுத்துல இருக்கான்னு பாருங்க. தரையளவை மட்டும் வச்சுப் பம்ப் சைஸ் சொல்றவங்ககிட்ட அட்வான்ஸ் குடுக்காதீங்க.