மையக்கருத்தைக் காதில் தேடுவோம்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, என்னை அளவுக்கு மீறிப் புகழ்ந்து அறிமுகம் செய்த மன்றச் செயலாளர் அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்து என்னை மகிழ்வித்த பள்ளித் தாளாளர் அவர்களே, தமிழாசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

செய்யுளின் மையக்கருத்தை மாணவர் தாமே கண்டறியப் பயிற்றுவது குறித்து வாசிப்பு, வினா, மதிப்பீடு என மூன்று தலைப்புகளில் நான் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். முதலாவதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நான் மேடைதோறும் சொல்லும் பழமொழி. செய்யுளுக்கு அதைப் பொருத்தினால் என்ன நேரும் என்பதற்குப் புறநானூற்றின் 192ஆம் பாடலே சான்று. "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்ற முதலடியை மட்டும் பதம் பார்த்துவிட்டு, 'உலக ஒற்றுமை' என்று மையக்கருத்தை எழுதிப் போட்டுவிடுகிறோம். கணியன் பூங்குன்றனாரின் மற்ற 12 அடிகளும் வேகாமலே கிடக்கின்றன.

ஒரு கிராமத்துப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில், முதலடியை மறைத்துவிட்டு எஞ்சியதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். மின்சாரம் வேறு இல்லை. புழுக்கத்தில் பாதிப் பேர் தடுமாறினார்கள். "நீர்வழிப் படூஉம்" என்று ஓசை நீளும் அளபெடையை ஒருவன் இழுத்த இழுப்பில் வகுப்பே சிரித்தது. மீண்டும் படித்தபோது கடைசி வரிசை மாணவன் எழுந்து, "ஐயா, இவர் எதற்கெடுத்தாலும் இல்லை இல்லை என்கிறாரே" என்றான். எண்ணிப் பார்த்தோம், 'இலமே' நான்கு முறை வருகிறது. வாழ்தல் இனிதென்று மகிழ்வதும் இல்லை, வெறுத்து இன்னாதென்பதும் இல்லை, பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று கரும்பலகையில் எழுதினோம். ஏன் இல்லை என்று கேட்ட மாணவியே விடையையும் தேடி எடுத்தாள்: கல்லில் மோதி ஒலிக்கும் பேராற்றின் நீர்வழியே போகும் புணைபோல, அதாவது தெப்பம்போல, உயிரும் ஊழின் முறைவழியே போகிறதாம். அதன் பிறகே முதலடியைத் திறந்து காட்டினேன். "எல்லாரும் ஒரே ஆற்றில்தானே போகிறோம், அதனால்தான் எல்லாரும் உறவு" என்றான் அந்தக் கடைசி வரிசைக்காரன். நான் புரட்டிய எந்த உரைநூலும் அந்த இணைப்பைத் தரவில்லை.

காதில் விழாத 'இலமே' கண்ணில் படுவதில்லை. ஆகவேதான் வாரம் ஒரு பாடவேளையைச் செய்யுள் வாசிப்புக்கென ஒதுக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசி வருகிறேன். தேர்வுக்குள் பாடம் முடியாதே என்பீர்கள். செய்யுளுக்குப் பொருந்தாத பழமொழி இதற்குப் பொருந்தும்: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்; பருவத்துக்கு ஒரு பாடலையாவது இவ்வாறு நடத்திப் பார்த்துவிட்டு மறுத்துரையுங்கள்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். வினாவும் மதிப்பீடும் மற்றொரு மேடைக்கு இருக்கட்டும். அந்த வாசிப்புப் பாடவேளையைக் கேட்டுக் கல்வி அலுவலர் அவர்களிடம் இன்று அளிக்கவிருக்கும் மனு நுழைவாயில் மேசையில் இருக்கிறது. கையொப்பத்தோடு உங்கள் பள்ளியின் பெயரையும் தெளிவாக எழுதுமாறு வேண்டுகிறேன்.