மாப்பிள்ளைத் தோழனும் தாலி கட்டலாம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி அடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஃபேன்டஸி ஃபுட்பால் என்றால், நிஜ அமெரிக்கக் கால்பந்து வீரர்களைப் பொறுக்கி நாமே ஓர் அணி அமைத்து, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி வாங்குகிற விளையாட்டு. அதில் நம்முடைய நட்சத்திர ரன்னிங் பேக்குக்கு, அதாவது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு, காயம் என்றால், அவருடைய பேக்கப்பை, அதாவது மாற்று ஆளை, இறக்கலாமா, பெஞ்சிலேயே வைக்கலாமா? இறக்கலாம் என்பது எங்கள் கட்சி. ஓடுகிற ஆள்தான் மாறுகிறான்; முன்னால் நின்று வழி திறக்கிற ஐந்து பேரும் அதே ஆட்கள்தான், கோச்சும் அதே கோச்தான். பந்து யார் கைக்குப் போகிறதோ, புள்ளியும் அவனுக்குத்தான். அவ்வளவுதான்.

இதற்கு எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "மாப்பிள்ளை வரவில்லை என்றால் மாப்பிள்ளைத் தோழனையா தாலி கட்டச் சொல்வீர்கள்? பெண் வீட்டார் சும்மா விடுவார்களா?" நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் தட்டியது என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

சரி அண்ணே, கல்யாண வீட்டுக்கே போவோம். 2018 டிசம்பர், சீசனின் 16ஆம் வாரம். ஏகப்பட்ட ஃபேன்டஸி லீக்குகளுக்கு அன்றைக்குத்தான் இறுதிப்போட்டி. மாப்பிள்ளை, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் ரன்னிங் பேக் டாட் கர்லி. சீசன் முழுக்கப் புள்ளியை அள்ளிக் கொடுத்தவர், முகூர்த்த நேரத்தில் முழங்கால் மக்கர். ஆளைக் காணோம். தோழன் யார்? சி.ஜே. ஆண்டர்சன். தோழன்கூட இல்லை அண்ணே! அதே சீசனில் கரோலினா அணி வெளியே அனுப்பி, ஓக்லண்ட் அணியும் வெளியே அனுப்பி, அந்த வாரம்தான் ராம்ஸில் சேர்ந்தவர். பந்தியில் சாப்பிட வந்தவரைக் கையைப் பிடித்து மணமேடைக்கு இழுத்த கதை.

பெண் வீட்டார் யார்? கோச் ஷான் மெக்வே. சும்மா விட்டாரா? விடவில்லையே! தாலியை, அதாவது பந்தை, எடுத்து அந்த ஆள் கையில் கொடுத்தார். ஒரு தடவையா? 20 தடவை! 167 யார்டு ஓட்டம், ஒரு டச்டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டியது. ஃபேன்டஸியில் வழக்கமாக 10 யார்டுக்கு ஒரு புள்ளி, டச்டவுனுக்கு 6. ஓடியதற்கு மட்டும் 22.7 புள்ளி! எதிரே நின்ற அரிசோனா ஓட்டத்தைத் தடுக்கத் திணறிய அணி என்று அண்ணன் முணுமுணுக்கிறார். அதையும் பார்த்துத்தான் அண்ணே இறக்கச் சொல்கிறோம்!

இருங்கள், மறுவீடு பாக்கி இருக்கிறது. ப்ளேஆஃபுக்கு, அதாவது சீசன் கடைசியில் வரும் நாக்-அவுட் சுற்றுக்கு, மாப்பிள்ளை திரும்பி வந்துவிட்டார். டாலஸுக்கு எதிராக மாப்பிள்ளை 115 யார்டு. தோழன்? 123! மாப்பிள்ளைக்கு ஒரு டச்டவுன், தோழனுக்கு இரண்டு! இப்போது தட்டுங்கள் கையை.

சிரித்தது போதும். அதே 2018, பிட்ஸ்பர்க் அணி. அவர்களுடைய நட்சத்திர ரன்னிங் பேக் லெவியான் பெல் ஒப்பந்தத் தகராறில் வரவே இல்லை. அவர் இடத்தில் நின்றவன் ஜேம்ஸ் கானர். 2015இல், கல்லூரியில் ஆடும்போது முழங்காலில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்றார்கள். புற்றுநோய். கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு சக வீரர்களோடு பயிற்சிக்கு வந்து நின்ற பையன் அவன். பெல் இல்லாத முதல் ஆட்டத்தில் 135 யார்டு ஓடினான், இரண்டு டச்டவுன் போட்டான். அவனைப் பெற்றவளிடம் போய், "உங்கள் மகன் பேக்கப்தானே அம்மா" என்று சொல்ல உங்களுக்கு நாக்கு வருமா அண்ணே? எனக்கு வராது.

நடுவர் மணி மேல் கை வைத்துவிட்டார். தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள் ஐயா, ஆட்டம் தொடங்குவதற்குள் நான் போய் லைன்அப்பை மாற்ற வேண்டும். நன்றி, வணக்கம்.