சிறை வைத்த கிருமியும் வீட்டுச் சோறும்

பெரியவர்களே, தாய்மார்களே, பள்ளிவிட்டு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மின்சார ரயிலில் போகும்போது ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ஒரு நிலையத்தின் பெயரைப் படித்திருப்பீர்கள். சானடோரியம் என்பது காசநோய்க்காரர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொண்ட இடம். கிருமியைக் கொல்ல மருந்தே இல்லாத காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு இவைதான் வைத்தியம். சண்டை போடுவது உடம்பு, அதற்குத் தெம்பு கொடுப்பது நம் வேலை என்று அன்றைக்கு நினைத்தார்கள். அது எவ்வளவு தூரம் சரி என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

1882ஆம் வருஷம் மார்ச் 24ஆம் தேதி பெர்லினில் ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் மருத்துவர், காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமிதான் என்று காட்டினார். அதே வருஷம் இத்தாலியின் மெஸ்ஸினா ஊரில் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி போல உள்ளே எல்லாம் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் மொய்த்துக்கொண்டு நின்றன. அந்நியப் பொருள் நுழைந்தால் அதைச் சூழ்ந்து விழுங்க உடம்பிலேயே காவலர்கள் உண்டு என்று அவருக்குப் புரிந்தது. அவர்களில் பெரியவர்களுக்கு அவர் வைத்த பெயர்தான் மேக்ரோபேஜ், அதாவது பெருந்தின்னி.

நம் நுரையீரலிலும் அந்தக் காவலர்கள் இருக்கிறார்கள். சாதாரணக் கிருமியை விழுங்கிக் கரைத்துவிடுவார்கள். காசநோய்க் கிருமியிடம் அது எளிதில் பலிப்பதில்லை. அதன் மேலே மெழுகு போல ஒரு போர்வை. விழுங்கிய அணுவுக்குள்ளேயே, கரைக்கிற அமிலம் தன்னிடம் வந்து சேராதபடி தடுத்துக்கொண்டு குடியிருக்கும். அவசரமும் இல்லை. வயிற்றுப்போக்குக் கிருமி இருபது நிமிஷத்தில் இரண்டாகும். இது இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும்.

சில வாரங்கள் கழித்து டி அணுக்கள் என்ற இன்னொரு வகைக் காவலணுக்கள் வந்து சேர்கின்றன. அவை கொடுக்கும் சமிக்ஞையில் பெருந்தின்னிகளுக்கு வேகம் வருகிறது. அப்படியும் எல்லாக் கிருமியையும் கொல்ல முடிவதில்லை. அதனால் உடம்பு வேறு வழி பார்க்கிறது. காவலணுக்கள் அடுக்கடுக்காகச் சுற்றி நின்று, கிருமியை நடுவில் வைத்து ஒரு சின்னஞ்சிறு கட்டியாக்கிவிடுகின்றன. சிறைக்கூடம் என்றே சொல்லலாம். கிருமி தொற்றிய நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு மேல் இந்தச் சிறை ஆயுசு முழுக்கத் தாங்கும். ஐந்து முதல் பத்து பேருக்குத்தான் என்றாவது ஒரு நாள் உடைகிறது.

சிறைச்சுவர் ஒருமுறை கட்டி முடித்துவிட்டுப் போகிற சுவர் இல்லை, அம்மா. உயிருள்ள அணுக்கள் கைகோத்து நிற்கிற சுவர். எச்.ஐ.வி. வந்தால் டி அணுக்கள் குறைந்து சுவர் சரியும். சர்க்கரை நோயும் புகையும் அதைத் தளர்த்தும். எல்லாவற்றையும்விட நம் நாட்டில் அதிகமாகத் தளர்த்துவது அரைவயிறு. உடைந்த இடத்தில் திசு தயிர்க்கட்டி போல நசிந்து குழிவிழுகிறது. அந்தக் குழியிலிருந்துதான் இருமல் வழியாகக் கிருமி அடுத்தவருக்குப் போகிறது.

இப்போது நம் சென்னைக் கதைக்கு வருகிறேன். 1956இல் சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். ஐசோனியாசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகளை வைத்து 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பாதிப்பேர் சானடோரியத்தில், நல்ல சாப்பாட்டோடு. பாதிப்பேர் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே. ஒரு வருஷம் கழித்து சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியது, வீட்டில் 86 பேருக்கு. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மருந்து தொடங்கியதும் இருமலில் வரும் கிருமி சீக்கிரம் குறைந்துவிடுகிறது என்பதே காரணம். தாயைப் பிள்ளையிடமிருந்து பிரிக்கத் தேவையில்லை என்று உலகத்துக்குச் சொன்ன ஊர் நம்முடையது. எனக்கு அதில் இன்றைக்கும் பெருமை உண்டு.

ஆனால் அந்தப் பாடத்தை நாம் பாதிதான் படித்தோம். ‘மருந்து போதும், சாப்பாடு முக்கியமில்லை’ என்று எடுத்துக்கொண்டோம். நோயாளியின் கிருமியை மருந்து கொல்லும், உண்மை. பக்கத்தில் படுத்திருப்பவரின் சிறைச்சுவரை யார் காப்பாற்றுவது?

சுகாதாரப் பார்வையாளராக நான் வீடு வீடாகப் போன காலத்தில் ஒரு குடும்பம். கணவருக்கு நோய். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறதா என்று கேட்பேன். மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறது என்பதற்கு அது அடையாளம். அவர் தட்டில் முட்டை இருக்கும். அந்த அம்மா அடுப்படியில் உட்கார்ந்து நீராகாரமும் பச்சை மிளகாயும் சாப்பிடுவார். நான் அட்டையில் கணவரின் எடையை எழுதினேன், அந்த அம்மாவை எடை பார்க்கவில்லை. கணவர் ஆறு மாதத்தில் குணமானார். அடுத்த மழைக்காலத்தில் அந்த அம்மாவுக்கு இருமல். அந்தத் தட்டு என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு இதைத்தான் எடுத்துச் சொன்னது. 2,800 நோயாளிகளின் வீடுகள். பாதி வீடுகளில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள். மறுபாதியில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் சேர்த்து, பெரியவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அந்த மறுபாதியில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும்தான், ஐயா! நம் ரேஷன் கடையில் இருக்கிற பொருள்கள்தான்.

மேடைக்குக் கீழே எடை இயந்திரம் வைத்திருக்கிறோம். வீட்டில் யாராவது காசநோய்க்கு மாத்திரை எடுக்கிறார்கள் என்றால், நீங்கள் ஏறி நில்லுங்கள், முக்கியமாகத் தாய்மார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவர்கள் பக்கத்து மேஜையில் டப்பா வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக் காலையில் எழுந்தவுடன் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து ஆழமாக இருமி எடுத்த சளி வேண்டும், எச்சில் வேண்டாம். மூடியை இறுக்கி, பத்து மணிக்குள் கொண்டுவாருங்கள். நான் அங்கேதான் இருப்பேன்.