டீயும் மைலோவும் நாப்பழக்கமும்

தலைமையேற்றிருக்கும் சமூக மன்றத் தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கு நடுவிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, தமிழ்மொழி விழாவுக்காக இந்தக் கூடத்தை ஒதுக்கித் தந்த நிர்வாகக் குழுவினரே, தமிழாசிரியர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் 'நாட் மை கப் ஆஃப் டீ' என்கிறார்களே, அதன் பொருள், வரலாறு, பயன்பாடு மூன்றையும் பேசச் சொன்னார்கள். பொருள் எளிது: எனக்கு அதில் நாட்டமில்லை. பிரிட்டனில் பிறந்த வழக்கு. முதலில் பிடித்ததைச் சொல்லத்தான் 'மை கப் ஆஃப் டீ' என்றார்கள். மறுத்துச் சொல்வது பிறகு பரவியது. நண்பர் பேய்ப்படத்துக்குக் கூப்பிட்டால், படத்தையும் பழிக்காமல் அவர் மனமும் நோகாமல் விலகிக்கொள்ள உதவும்.

பயன்பாட்டுக்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு பாட்டி. பேரன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். "ஏன்டா, தமிழ்ப் புத்தகத்தைத் தொறக்கவே மாட்டேங்கிற?" என்று கேட்டிருக்கிறார்.

"பாட்டி, தமிழ் நாட் மை கப் ஆஃப் டீ."

பாட்டி காதில் டீ மட்டும்தான் விழுந்தது. "டீ வேணாமா? அப்ப மைலோ கலக்கட்டுமா?"

"ஐயோ, இது குடிக்கிற டீ இல்ல பாட்டி!"

"குடிக்காத டீ எதுக்குடா?"

பாட்டிக்கு ஆங்கிலம் வராது. பையன் தமிழில்தான் விளக்கியாக வேண்டும். தடுமாறினான், கையை ஆட்டினான். விட்ட சொல்லைப் பாட்டி எடுத்துக் கொடுத்தார். கடைசியில், "அப்பாவுக்கு டுரியான் பழ வாசனை பிடிக்காதுல்ல, அது மாதிரி" என்றான்.

"கல்யாணமாகி வந்த புதுசுல நானும் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் இருந்தேன். தின்னத் தின்னப் பழகிடுச்சு" என்றாராம் பாட்டி.

அதைத்தான் நம் முன்னோர், 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்றார்கள். அன்று சமையலறையில் அந்தப் பையன் பேசிய அளவுக்கு அதற்கு முன் தமிழ் பேசியதில்லை என்கிறார் அவன் அம்மா.

பெற்றோரே, தமிழ் நம் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ஆனால் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்னவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. வாய்க்கு வராத மொழியைப் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று நாம் எப்படி முடிவு கட்டுவது? செந்தமிழும் நாப்பழக்கம்! இரவுச் சாப்பாட்டு வேளையிலாவது தமிழில் பேசுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் நீங்கள் தமிழிலேயே தொடருங்கள்.

வரலாற்றை விரிவாகச் சொல்ல நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள். சனிக்கிழமை மாலைகளில் புளோக்குக்குக் கீழே பிள்ளைகளோடு அமர்ந்து கதை பேசத் தாத்தா பாட்டிகள் தேவை. வாசல் மேசையில் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.