மடையன் யார்?

அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் புரவலர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் புலவர் பெருமக்களே, பொன்னாடை போர்த்திய நல்ல உள்ளங்களே, தாய்மார்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள்க. ஆனைக்கும் அடி சறுக்கும்.

முட்டாள், மடையன், பேதை என்று மூன்று சொற்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மடையனிலிருந்து தொடங்குகிறேன்.

மடம் என்றால் அறியாமை. மடமை அதன் வழி வந்தது. மடை என்றால் சோறு. மடைப்பள்ளி நமக்குத் தெரியும். சமைப்பவரையும் மடையன் என்றே சொல்லியிருக்கிறார்கள். ஏரியில் தண்ணீர் விடும் வழியும் மடைதான். வெள்ளத்தில் மூழ்கி மடை திறந்தவனே மடையன் என்று கைப்பேசியில் ஒரு கதை சுற்றுகிறதே, அது செவிவழிச் செய்தி. ஆனாலும் எனக்குப் பிடித்த செய்தி!

ஏனென்றால் ஒரு சம்பவம். அடைமழை. ஏரி தளும்புகிறது. அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்குகிறார். கரையில் கோவணத்தோடு ஒரு பெரியவர், அந்த ஏரியின் நீர்க்கட்டி, அதாவது மடை திறந்து தண்ணீர் விடுபவர். "அங்கே கால் வைக்காதீங்க ஐயா, களிமண்ணு" என்கிறார். "எனக்கே சொல்றியா? தள்ளிப் போ மடையா!" என்று அதிகாரி ஓரடி வைத்தார். அவ்வளவுதான்! குடை ஒரு பக்கம், கோப்பு ஒரு பக்கம், ஐயா இடுப்பளவு சேற்றில். ஆனைக்கும் அடி சறுக்கும் அல்லவா? பெரியவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டு நிதானமாகக் கேட்டார்: "மடையன் தள்ளிப் போயிட்டா, மடையை யாருங்க திறக்கிறது?"

கைதட்டியது போதும், நேரமாகிறது.

புறநானூறு 142ஆம் பாட்டில் பரணர், வள்ளல் பேகனுக்குக் கொடைமடம் உண்டு, போரில் முறை தவறும் படைமடம் இல்லை என்கிறார். கொடைமடம் என்பது கொடுப்பதில் கணக்குப் பார்க்காத மடமை, பெருமையான மடமை. அதற்கு உவமை மழை. வற்றிய குளத்திலும் பெய்யும், வயலிலும் பெய்யும், உவர் நிலத்திலும் பெய்யும்.

அந்தக் குளத்தை இன்று போய்ப் பாருங்கள்! வானம் கொடைமடம் படுகிறது, வாங்கி வைக்க நம்மிடம் இடமில்லை. வரத்துக் கால்வாயில் குப்பை, உள்வாயில் கருவேலம், மதகில் பலகை இல்லை. பிள்ளைகளை மடையா என்று திட்டுகிற நாம்தான் இதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

பேதையைப் பற்றி வள்ளுவர் ஓர் அதிகாரமே பாடியிருக்கிறார். தலைவர் மணியடிக்கிறார், சரி, அதுவும் முட்டாளும் இன்னொரு கூட்டத்தில். வாசலில் மேசை போட்டிருக்கிறோம். ஏரியைத் தூர்வாரக் கோரும் மனுவில் கையெழுத்துப் போடுங்கள். ஞாயிறு காலை மண்வெட்டியோடு கரைக்கு வாருங்கள். புரவலர் ஐயாவும் வருவதாக வாக்களித்திருக்கிறார்.