ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வருதுங்களா?

வணக்கமுங்க. மணி இப்போது மூன்றே முக்கால். சோமனூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் உங்களுக்கும் கேட்கும். இன்றைக்கும் விழிப்பு வந்துவிட்டது, சரி, இதைப் பற்றியே பேசலாம் என்று போனை எடுத்துவிட்டேன்.

எனக்கு 51 வயது. தூரம், அதான் மாதவிடாய், நின்று இரண்டு வருஷம் ஆச்சுங்க. அதிலிருந்து நடு ராத்திரியில் உடம்பு குப்பென்று சுடும். பிடரியில் ஆரம்பிக்கிற வேர்வை முதுகெல்லாம் இறங்கி, நைட்டி பிழிகிற மாதிரி நனைந்துவிடும். துடைத்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துப் படுத்தால், அப்புறம் எங்கே தூக்கம்?

அத்தையிடம் சொன்னேன். "வயசானா அப்படித்தான் அம்மிணி" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தூங்கினாரா என்று அந்தக் காலத்தில் யாரும் அவரைக் கேட்டதில்லை.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிற பொண்ணு ஒரு நாள் பிரஷர் பார்த்தது. கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடியும் பார்த்தது. 152க்கு 94. அதுவரை எனக்குப் பிரஷரே கிடையாதுங்க.

டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது. நாம் நன்றாகத் தூங்கும்போது ரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். இதயத்துக்குக் கிடைக்கிற ஓய்வே அதுதான். தூக்கம் கெட்டால் அந்த இறக்கமும் கெடும். ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறைவதால் ரத்தக்குழாய் விறைப்பதும் கெட்ட கொழுப்பு ஏறுவதும் இதே வயதில்தான். அமெரிக்க இதய சங்கம் 2022ல் இதய நலத்துக்கு வேண்டியவற்றில் தூக்கத்தையும் சேர்த்துவிட்டது. பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம்.

குறட்டையையும் சொல்லிவிடுகிறேன். பொம்பளை குறட்டை விட்டால் நம் பக்கம் வெட்கப்பட்டு மறைப்பார்கள். மறைக்காதீங்க. நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்தால் அது ஸ்லீப் அப்னியாவாக இருக்கலாம். தூரம் நின்ற பிறகு அது கூடும்.

தாடையோ முதுகோ வலித்து, மூச்சு வாங்கி, குமட்டினால் வாய்வு என்று இஞ்சி தட்டிக்கொண்டு நிற்காதீங்க. 108ஐக் கூப்பிடுங்க. பெண்களுக்கு மாரடைப்பு அப்படியும் வரும்.

நான் மாத்திரை போடுகிறேன், பொழுது சாய்ந்தால் காப்பி இல்லை, சாயங்காலம் நடக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் ஐந்து மணி வரை தூங்குகிறேன். போன தடவை அந்தப் பொண்ணு வந்தபோது அத்தையே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் ராத்திரி தூக்கமில்ல கண்ணு, கட்டிப் பாரு" என்று கையை நீட்டினார்.