கடலில்லா ஊரின் கானாங்கெளுத்தி

அவையோருக்கு வணக்கம்.

கொரியா போய் வந்தவர்களிடம் எந்தெந்த ஊர் பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பெயர்தான் வரும். சியோல், பூசான், ஜேஜு தீவு. நல்ல ஊர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றைப் பற்றிச் சொல்ல யூடியூபில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். நான் மலைக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கிற சின்ன ஊர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அங்கே போகிறவர்களும் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டுக்கொள்கிறார்கள். சாப்பாட்டை மட்டும் ‘போகிற வழியில் எங்காவது’ என்று விட்டுவிடுகிறார்கள். அப்படிப் போனால் பாதி ஊரைப் பார்க்காமல்தான் திரும்புவீர்கள். அந்த ஊர் எப்படிப் பிழைத்தது, எதற்கு ஏங்கியது என்பதெல்லாம் சாப்பாட்டுக் கடையில்தான் இருக்கிறது.

ஆண்டோங்கிலிருந்து தொடங்குகிறேன். தென்கிழக்கே, உள்நாட்டில் இருக்கிற பழைய ஊர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஹாஹோ கிராமம். நாக்டோங் ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு போக, நடுவே ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளுமாக இருக்கும். ர்யூ குலத்தார் 600 ஆண்டுகளாக அங்கே குடியிருக்கிறார்கள். 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே, 1999 ஏப்ரல் 21ஆம் தேதி, தன் 73ஆவது பிறந்தநாளன்று இங்கிலாந்து ராணி எலிசபெத் வந்து போனார். அதை இன்றைக்கும் ஊரில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் சொல்ல விரும்புவது வேறு: இது கண்காட்சிக் கிராமம் அல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயும். நாய் குரைக்கும். ‘உள்ளே வராதீர்கள், ஆட்கள் குடியிருக்கிறார்கள்’ என்று பலகை இருக்கும். ஆற்றுக்கு அக்கரையில் புயோங்டே என்ற செங்குத்துப் பாறை. அதன் மேல் ஏறி நின்றால்தான் ஆறு ஊரைச் சுற்றி வளைகிற வளைவு முழுசாகத் தெரியும்.

சரி, பசிக்கிறது. கிராமத்துக்கு ஒரு கிலோமீட்டர் வெளியே, பேருந்து நிற்கிற இடத்தில் கடைவீதி இருக்கிறது. எந்தக் கடையில் நுழைந்தாலும் உப்புப் போட்ட கானாங்கெளுத்தி. தென்மாவட்டத்தில் நாம் அயிலை என்கிற மீனின் உறவுக்காரன். கடல் இருப்பது மலைகளுக்கு அந்தப் பக்கம், யோங்டொக் கரையில். லாரியும் ரயிலும் வராத காலத்தில் சுமைகாரர்கள் மீனைத் தூக்கிக்கொண்டு விடியலில் கிளம்பினால், பொழுது சாயும்போது இம்டோங் என்ற ஊர்ச் சந்தைக்கு வந்து சேர்வார்கள். அதற்கு மேல் மீன் தாங்காது. குடலை எடுத்து, உப்பை அடைத்து, பிறகு ஆண்டோங்குக்குக் கொண்டுபோவார்கள். கெட்டுப்போவதற்குச் சற்று முன்னால் உப்பு பட்டதால்தான் அந்த ருசி என்பார்கள் ஊர்க்காரர்கள். எவ்வளவு உப்பு என்பதைக் கை அளவிலேயே பிடிக்கிற ஆட்களுக்குத் தனி மரியாதை உண்டு. கடலே இல்லாத ஊர் மீனுக்குப் பெயர் வாங்கியது இப்படித்தான். தட்டில் அது ஒரு பக்கம் பொன்னிறமாக, தோல் மொறுமொறுவென்று வரும். ஒரு விள்ளல் மீனுக்கு இரண்டு வாய்ச் சோறு கணக்கு. மீனை மட்டும் தின்றால் நாக்கு கரித்துவிடும்.

அதே ஆண்டோங்கில் ஹொட்ஜேசாபாப் என்று ஒரு சாப்பாடு. முன்னோருக்குப் படைக்கிற ஜேசா சடங்குச் சாப்பாடு, ஆனால் சடங்கு கிடையாது. காய்கறிகளையும் கீரைகளையும் தனித்தனியாக வதக்கிச் சோற்றின் மேல் அடுக்கி, சோயா ரசத்தை ஊற்றிப் பிசைய வேண்டும். படையலில் மிளகாயும் பூண்டும் ஆகாது என்பதால் சிவப்பு மிளகாய் விழுது பக்கத்தில்கூட வராது. பஞ்ச காலத்தில் பக்கத்து வீட்டார் பட்டினி கிடக்க, நெல்லுச்சோறு சாப்பிட வெட்கப்பட்ட கற்றறிந்த குடும்பங்கள் படையல் என்று பொய் சொல்லிப் பொங்கிச் சாப்பிட்டன என்று ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, கௌரவம் பார்க்கிற ஊர் என்பது மட்டும் அதில் தெரிகிறது. கடைசியில் சிக்யே என்ற பானம் வரும். மற்ற ஊர்களில் அது வெள்ளையாக, இனிப்பாக இருக்கும். ஆண்டோங்கில் முள்ளங்கித் துண்டும் இஞ்சியும் மிளகாய்ப் பொடியும் சேர்ந்து சிவப்பாக, ஜில்லென்று வரும். முதல் வாய்க்கு முகம் சுளிக்கும். நான் இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அப்புறம் சோங்சன். வடகிழக்கே கங்வொன் மாநிலத்தின் மலைப் பகுதி. சமவெளி என்று சொல்ல இடமே இல்லை. அதனால் நெல்லும் பெரிதாக இல்லை. இருந்தது சோளம், பக்வீட் என்கிற தானியம், உருளைக்கிழங்கு, மலைக்கீரை. அப்புறம் நிலக்கரி. 1989க்குப் பிறகு அரசு சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூட, ஊரே காலியாகத் தொடங்கியது. நிலக்கரி போன ரயில் பாதை சும்மா கிடந்தது. 2005இல் அதில் 7.2 கிலோமீட்டரை எடுத்து, மிதித்து ஓட்டுகிற தண்டவாள வண்டிகளை விட்டார்கள். கூஜொல்ரியில் ஏறி, ஆற்றோரமாகவும் குகைப்பாதை வழியாகவும் மிதித்துக்கொண்டே போய் அவுராஜியில் இறங்கலாம். அங்கே இரண்டு ஓடைகள் கூடுகின்றன. முன்பு மலையில் வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி, அந்தத் தண்ணீரில் விட்டுத் தலைநகர் வரைக்கும் ஓட்டிப் போவார்களாம். சோங்சன் அரிராங் என்ற நாட்டுப்பாட்டில் அந்த அவுராஜித் துறை வருகிறது. அரிராங் பாடல் மரபு 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

சோங்சன் சந்தை ஐந்து நாளைக்கு ஒருமுறை கூடும், 2, 7 என்று முடிகிற தேதிகளில். கொரிய நாட்டுப்புறத்தில் ஐந்துநாள் சந்தைதான் பழைய வழக்கம். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் தேதியை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும், வியாபாரிகள் சுற்றி வருவார்கள். இங்கே பாட்டிமார் தரையில் விரித்து உட்கார்ந்து காய்ந்த கீரை, மூலிகை வேர், மூட்டை மூட்டையாகப் பயறு விற்பார்கள். சிலர் கழுத்தில் அட்டை ஒன்று தொங்கும். தன் சரக்கு உள்ளூர்ச் சரக்கு என்பதற்கு உள்ளூர் நிர்வாகம் கொடுத்த சான்று. உள்ளே போனால் அடுப்புகளின் வரிசை. கரைத்த பக்வீட் மாவை மெல்லிசாகக் கல்லில் ஊற்றி, கிம்ச்சி என்கிற காரமான காய்கறி ஊறுகாயை உள்ளே வைத்துச் சுருட்டுகிறார்கள். பக்கத்துக் கல்லில் முழு முட்டைக்கோஸ் இலையை மாவோடு சேர்த்து வார்க்கிறார்கள். சோளக் கூழைத் துளைத் தட்டு வழியாகக் குளிர்ந்த தண்ணீரில் விட, சொட்டுச் சொட்டாக விழுந்து தலைப்பிரட்டை மாதிரி வாலோடு மிதக்கும். அதுதான் ஒல்செங்கி நூடுல்ஸ். மெல்ல வேண்டிய வேலையே இல்லை, வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும்.

ஆனால் நான் சாப்பிடச் சொல்வது கொன்ட்ரே சோறு. மலையில் முளைக்கிற ஒருவகை முள்ளிலைச் செடியின் இளங்கீரை. ஒரு காலத்தில் அரிசி போதாதபோது வயிற்றை நிரப்பச் சேர்த்தது, இன்றைக்கு ஊரின் பெருமை. கல்சட்டியில் அரிசியோடு சேர்த்து வேகவைத்துக் கொண்டுவந்து வைப்பார்கள். மூடியைத் திறந்தால் நெய்மணம் போல எள்ளெண்ணெய் மணம். சோற்றை வேறு கிண்ணத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு, சோயாவும் வெங்காயத்தாளும் கலந்த குழம்பை ஒரு கரண்டி விட்டுப் பிசைய வேண்டும். கல்சட்டியில் ஒட்டிய காந்தலில் உடனே வெந்நீர் ஊற்றி மூடிவிட வேண்டும். சாப்பிட்டு முடிப்பதற்குள் காந்தல் ஊறி, மங்கலான கஞ்சியாகிவிடும். அதைக் குடித்த பிறகுதான் சாப்பாடு முடிந்ததாகக் கணக்கு. ஊற்ற மறந்தால் கடைக்காரம்மா தூரத்திலிருந்தே சத்தம் போடுவார்.

டாம்யாங் தென்மேற்கே இருக்கிறது. மூங்கில் ஊர். ஜுங்னொக்வொன் மூங்கில் காடும், மெட்டாசெகோயா மரங்கள் இரு பக்கமும் நிற்கிற சாலையும் படத்தில் பார்த்திருப்பீர்கள். கூட்டம் அங்கேதான் போகும். நான் ஆற்றங்கரைக்குப் போகச் சொல்வேன். முன்பு அங்கே மூங்கில் சாமான் சந்தை இருந்தது. கூடை, முறம், தட்டி விற்க வந்தவர்களுக்கு மலிவாக வயிறு நிறைய வேண்டும் என்று நெத்திலிச் சாற்றில் தடித்த நூடுல்ஸ் போட்டுக் கொடுக்கக் கடைகள் வந்தன. பிளாஸ்டிக் வந்து கூடையைக் கொன்றது. சந்தை போய்விட்டது, நூடுல்ஸ் கடைகள் மட்டும் மிஞ்சின. பழைய மரங்களுக்கு அடியில் மேசை போட்டிருப்பார்கள். கூடவே மூலிகைத் தண்ணீரில் அவித்த முட்டை. இதே டாம்யாங்கில்தான் சாங்பியொங் இருக்கிறது. அவசரமில்லாமல் வாழ்கிற ஊர்களுக்குத் தருகிற ‘மெதுநகர்’ அங்கீகாரத்தை, 2007இல் ஆசியாவிலேயே முதன்முதலாகப் பெற்ற ஊர்களில் ஒன்று. மண்ணும் கல்லும் வைத்த மதில்களுக்கு நடுவே நடக்கலாம், அரிசி மிட்டாய் வாங்கலாம். வேறொன்றும் இல்லை, அதுதான் அதன் அழகு.

எல்லா ஊருக்கும் இப்படிப் பழைய கதை வாய்ப்பதில்லை. ஹம்பியொங் பெரிதாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாமல் 1999இல் பட்டாம்பூச்சி விழா தொடங்கிப் பெயர் வாங்கியது. ஹ்வாசொன் உறைந்த ஆற்றில் துளை போட்டு மீன் பிடிக்கிற பனி விழாவை 2003இல் தொடங்கியது. லட்சக்கணக்கில் ஆள் வருகிறது. மீன் பண்ணையில் வளர்த்து ஆற்றில் விடப்பட்டது. விலங்கு நல அமைப்புகள் எதிர்க்கின்றன. ஆண்டோங் மீனும் வெளியூர் மீன்தானே என்று நீங்கள் கேட்கலாம். அது தின்பதற்கு வந்த மீன். இது பிடிபடுவதற்கென்றே வந்த மீன். எனக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் படுகிறது. தொங்குபாலப் போட்டி இன்னொரு வேடிக்கை. 2018இல் வோன்ஜு 200 மீட்டரில் கட்டியது. மறு வருடம் யேதாங் ஏரியில் 402 மீட்டர். 2021இல் நோன்சான் கிட்டத்தட்ட 600 மீட்டர். இப்படி ஊர் ஊராகப் பாலம் வந்துவிட்டால், பாலம் பார்க்க யார் எந்த ஊருக்குப் போவார்கள்?

ஆனால் அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 2021இல் கொரிய அரசு 89 ஊர்ப் பகுதிகளை மக்கள்தொகை தேய்கிற பகுதி என்று அறிவித்தது. சோங்சன் அதில் உண்டு. ஆண்டோங்கும் உண்டு. சந்தையில் அட்டை மாட்டி உட்கார்ந்திருக்கிற பாட்டியின் பிள்ளைகள் பெரும்பாலும் சியோல் பக்கம்தான் இருப்பார்கள். உள்ளே கல்லில் மாவு வார்க்கிறவர்களிடம் அதைக் கற்றுக்கொள்ளவும் வீட்டில் ஆள் இல்லை. பாலம் கட்டியாவது ஆளைக் கூட்டலாம் என்று நினைக்கிறவர்களின் கவலை நியாயமானதுதான்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். தனியாகப் போனால் கஷ்டம். பல கடைகளில் பெரிய சாப்பாடு இரண்டு பேருக்குக் குறைந்து தரமாட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து மணி வரை பூட்டிவிடுவதும் உண்டு. ராத்திரி எட்டுக்கு மேல் போய் நின்றால் பிஸ்கட்தான். கடைவீதியில் ஒவ்வொரு பெயர்ப் பலகையும் ‘நாங்கள்தான் ஆதிக்கடை’ என்று சொல்லும். அதை நம்ப வேண்டாம், உள்ளூர் ஆட்களின் செருப்பு வாசலில் எத்தனை கிடக்கிறது என்று பாருங்கள். கரண்டியும் குச்சியும் மேசைக்கு அடியில் இழுப்பறையில் இருக்கும். கூட்டு வகைகளைத் திரும்பக் கேட்டால் காசு கேட்க மாட்டார்கள்.

சைவர்கள் கேட்பீர்கள் என்று தெரியும். கிம்ச்சியில் மீன் சாறு இருக்கும், குழம்பில் நெத்திலி இருக்கும். ‘கறி இல்லை’ என்று அவர்கள் சொன்னால் மாட்டுக்கறி, பன்றிக்கறி இல்லை என்று அர்த்தம். உங்களுக்கு வழி மலைக்கோயில்கள். பௌத்த மடங்களில் கறியும் மீனும் மட்டுமல்ல, பூண்டு, வெங்காயம்கூட கிடையாது. 2002 கால்பந்து உலகக் கோப்பையின்போது வெளிநாட்டினருக்காகத் தொடங்கிய கோயில் தங்கல் திட்டம் இன்றும் நடக்கிறது. ஒரு ராத்திரி தங்கினால் இரண்டு மூன்று வேளை நிம்மதியாகச் சாப்பிடலாம். விடியுமுன்னே மணி அடித்து எழுப்புவார்கள், அதற்குத் தயாராக இருங்கள். 2023 மே மாதத்திலிருந்து பல பெரிய கோயில்களில் நுழைவுக் கட்டணமும் இல்லை.

எல்லாவற்றுக்கும் நாள் இல்லை, ஒரே ஒரு இடம்தான் முடியும் என்றால் சோங்சன் போங்கள். தேதி 2 அல்லது 7இல் முடிகிற நாளாகப் பார்த்து, சியோலில் காலை முதல் வண்டியைப் பிடியுங்கள். இப்போது கேள்வி இருந்தால் கேளுங்கள்.